சிறு பண்ணைப் பங்கின் திருமணப் பதிவேடு: அதில் இல்லாதவர்கள் எங்கே திருமணம் செய்துகொண்டார்கள்?

பேசிங்ஸ்டோக்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் சில ஆண்டுகளாக வசித்து வருகிறேன். ஓய்வு நேரத்தில், பழைய தேவாலயப் பதிவேடுகளின் நிழற்படங்களைப் பார்த்துப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மிகச் சிறிய நாட்டுப்புறப் பங்கு ஒன்றின் திருமணப் பதிவேடு. (பாரிஷ் என்பதைத் தமிழ்க் கிறித்தவர்கள் பங்கு என்றும் சேகரம் என்றும் சொல்வதால், இங்கே பங்கு என்றே எழுதுகிறேன்.) அந்தப் பங்கின் நிலம் முழுவதும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது, குடியானவர்கள் அனைவரும் அந்தப் பண்ணையின் குத்தகைக்காரர்கள் அல்லது கூலியாட்கள்.

இந்த வேலையில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்குக் காரணம், எங்கள் நகரத்துக்கு அருகிலுள்ள ஸ்டீவன்டன் என்னும் சிற்றூர். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1775இல் பிறந்த ஊர் அது. அவருடைய தந்தைதான் அங்கே குருவானவர். அவ்வூர்த் திருமணப் பதிவேட்டில் சிறுமி ஜேன் தன்னையே மணமகளாக வைத்துக் கற்பனைத் திருமணங்களை எழுதிவைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். அரசாங்க ஆவணத்தில் ஒரு பெண்பிள்ளை எப்படி இவ்வாறு கிறுக்க முடிந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் பணியில் எழுந்த ஐயங்கள் வேறு வகையானவை. முதலாவது, சில ஆண்டுகளில் ஒரு திருமணம்கூடப் பதிவாகவில்லை. ஆனால் அதே ஊரின் ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தைகள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோரைத் திருமணப் பதிவேட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மறுபுறம், திருமணப் பதிவேட்டில் இருக்கும் தம்பதிகளில் பலருக்கு அதே ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது, 1754க்கு முன்னர் ஒற்றை வரியில் முடிந்துவிடும் பதிவு, அதன்பின் திடீரென்று அச்சிட்ட படிவமாகவும் கையெழுத்துகளாகவும் மாறிவிடுகிறது. மூன்றாவது, 1740 நவம்பரில் நடந்த ஒரு திருமணத்துக்கு அடுத்தபடியாக 1740 பிப்ரவரியில் நடந்த ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் தவறியிருப்பாரோ என்று நினைக்கிறேன். இவை தவிர, 1650களில் பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடக்கின்றன.

இத்துறையில் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏடுபுரட்டி எழுதியது:

வணக்கம் ஐயா. தங்கள் ஐயங்களில் எளிதானவற்றுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்.

1740 நவம்பருக்குப் பின் 1740 பிப்ரவரி வருவது பிழையன்று. அக்காலத்து இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது சனவரி முதல் நாளில் அல்ல, மார்ச் 25ஆம் நாளில். எனவே நவம்பரைத் தொடர்ந்து வந்த சனவரியும் பிப்ரவரியும் அதே 1740ஆகவே எழுதப்பட்டன. நம் கணக்கில் அந்தப் பிப்ரவரி 1741ஐச் சேர்ந்தது. இந்த வழக்கம் 1752இல்தான் ஒழிந்தது. அவ்வாண்டில்தான் செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாளை 14ஆம் தேதி என்று வைத்துப் பதினொரு நாள்களைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். தாங்கள் பட்டியல் தயாரிக்கும்போது அத்தகைய தேதிகளை 1740/41 என்று இரண்டு ஆண்டுகளையும் காட்டி எழுதினால், பின்னர் வருபவர்கள் முதல் குழந்தையின் பிறப்பையும் பெற்றோரின் திருமணத்தையும் ஒப்பிட்டுத் தவறான முடிவுக்கு வரமாட்டார்கள்.

1650களின் வெறுமைக்கு உள்நாட்டுப் போரும் அதைத் தொடர்ந்த குடியரசு ஆட்சியும் காரணம். 1653இல் இயற்றப்பட்ட சட்டம் திருமணத்தைத் தேவாலயத்திலிருந்து எடுத்து, அமைதிகாக்கும் நீதிபதியின் முன்னிலையில் நடத்த வேண்டும் என்றது. பதிவேட்டை எழுதும் பொறுப்பும் குருவானவரிடமிருந்து பங்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பதிவாளருக்குப் போயிற்று. நீதிபதி இருந்த ஊருக்குப் போய்த் திருமணம் செய்தவர்களின் பெயர் சொந்த ஊர் ஏட்டில் ஏறாமலே போனதுண்டு. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் பழைய முறையும் திரும்பியது. இடைக்காலத்து நீதிபதித் திருமணங்களும் செல்லும் என்று சட்டம் செய்தார்கள்.

1754இன் மாற்றம்தான் தங்கள் பணிக்கு மிக முக்கியமானது. பதிவேடு வைக்கும் வழக்கத்தை 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் கட்டாயமாக்கினார். ஞாயிறுதோறும் அந்த வாரத்துத் திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் ஆகியவற்றை எழுத வேண்டும். இரண்டு பூட்டுள்ள பெட்டியில் ஏட்டை வைக்க வேண்டும். தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். ஆனால் என்ன எழுத வேண்டும் என்பதற்கு அன்று படிவம் எதுவும் இல்லை. ஆகவே ஒரு குருவானவர் மணமகன் மணமகள் இருவரின் ஊரையும் எழுதினார். இன்னொருவர் மணமகளின் பெயரையே விட்டுவிட்டு இன்னார் திருமணம் செய்துகொண்டார் என்று மட்டும் எழுதிவைத்துப் போனார். மேலும், சாட்சியும் அறிவிப்பும் இல்லாமல் எங்கேயோ ஒரு குருவானவர் முன்னிலையில் நடந்த இரகசியத் திருமணமும் சட்டப்படி செல்லும் என்றிருந்தது. லண்டனில் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றி இதையே தொழிலாக நடத்தினார்கள்.

இதை ஒழிப்பதற்காக ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நம் ஊர்த் தேவாலயங்களில் இன்றும் செய்வதுபோல, மூன்று ஞாயிறுகளில் ஓலை (இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார் என்ற அறிவிப்பு) வாசிக்க வேண்டும். அல்லது பேராயர் அலுவலகத்தில் உரிமம் பெற வேண்டும். திருமணம் தேவாலயத்தில் நடந்து, தம்பதிகளும் நடத்திவைத்த குருவானவரும் இரண்டு சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் விலக்கு இருந்தது. தாங்கள் பார்க்கும் அச்சுப் படிவமும் கையெழுத்துகளும் இந்தச் சட்டத்தின் விளைவு.

ஜேன் ஆஸ்டினின் விளையாட்டுக்கும் இதே சட்டம்தான் இடம் கொடுத்தது. அச்சிட்ட பதிவேடுகளின் முன்பக்கத்தில், படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்டும் மாதிரிப் படிவங்கள் இருந்தன. ஸ்டீவன்டன் ஏட்டின் அந்த மாதிரிப் பக்கத்தில்தான் ஜேன், லண்டன் ஹென்றி ஃபிரெடெரிக் ஹோவர்ட் ஃபிட்ஸ்வில்லியமுக்கும் தமக்கும் ஓலை வாசித்ததாகவும், லிவர்பூல் எட்மண்ட் ஆர்தர் வில்லியம் மார்ட்டிமருக்கும் தமக்கும் திருமணம் நடந்ததாகவும், கடைசியில் வெறும் ஜாக் ஸ்மித் என்பவரை மணந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஜாக் ஸ்மித் திருமணத்துக்குச் சாட்சிகளும் அதே ஜாக் ஸ்மித்தும் ஜேன் ஸ்மித்தும்தான். உண்மையான பதிவுப் பக்கத்தில் அவர் கைவைக்கவில்லை. சட்டத்தை ஏய்க்கும் நோக்கத்தோடு திருமணப் பதிவேட்டில் பொய்ப் பதிவு செய்பவருக்கு அதே 1753ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்த தண்டனை மரணம்! தந்தை ஜார்ஜ் ஆஸ்டின் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் விட்டது நம் நல்வாய்ப்பு. 1755 முதல் 1812 வரையிலான அந்த ஏடு இப்போது வின்செஸ்டரில் உள்ள ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓர் ஏடு ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது என்பதிலிருந்தே ஊரின் அளவைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நிலவரி எழுதியது:

தங்கள் முதல் ஐயம்தான் சுவையானது. அதற்கு ஏடுபுரட்டி அவர்கள் விடை சொல்லாமல் விட்டது எனக்கு வாய்ப்பாகப் போயிற்று. நான் பதிவேடுகளைவிட ஏழை வரிக் கணக்குகளையும் பண்ணைக் கணக்குகளையும் அதிகம் பார்த்தவன் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஊர் முழுவதும் ஒரே நிலக்கிழாருக்குச் சொந்தமான பங்கை வரலாற்றாசிரியர்கள் மூடிய பங்கு என்றும், பல சிறு உடைமையாளர்கள் இருந்த பங்கைத் திறந்த பங்கு என்றும் பிரிப்பார்கள். இந்தப் பிரிவுக்கு அடிப்படை, ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே வரி வசூலித்துக் காப்பாற்ற வேண்டும் என்ற ஏற்பாடு. யார் எந்தப் பங்கின் ஏழை என்பதை 1662ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பிற்சேர்க்கைகளும் தீர்மானித்தன. ஓர் ஊரில் குடியுரிமை பெற்றவன் நோய்வாய்ப்பட்டாலும் முதுமையடைந்தாலும் அவனுக்குச் சோறு போடுவது அவ்வூரின் கடமை. அங்கே வரி கட்டுபவர்களோ பண்ணையாரும் அவருடைய நாலைந்து பெருங்குத்தகைக்காரர்களும்தான்.

இதைத் திருமணத்தோடு பொருத்திப் பாருங்கள். மணமான பெண்ணுக்குக் கணவனுடைய குடியுரிமை வந்துவிடும். பிறக்கும் குழந்தைகளும் தந்தையின் பங்கையே சேரும். ஆகவே ஊர்ப் பையன் ஒருவன் வெளியூர்ப் பெண்ணை மணந்தால் அது பங்குக்கு ஒரு புதிய சுமை; ஊர்ப் பெண் வெளியூரானை மணந்தால் ஒரு சுமை குறைந்தது. ஊரில் ஒரு குடிசை கட்டவும் இடிக்கவும் அதிகாரம் பண்ணையார் ஒருவரிடமே இருந்ததால், புதுத் தம்பதிக்குக் குடியிருக்க இடம் உண்டா இல்லையா என்பதையும் அவரே தீர்மானித்தார். குடிசை கிடைக்காத தம்பதி பக்கத்துத் திறந்த ஊருக்குக் குடிபோனார்கள். அங்கிருந்து ஆண் நாள்தோறும் பல மைல் நடந்து வந்து பழைய பண்ணையிலேயே கூலி வேலை பார்த்துத் திரும்பினான். உழைப்பு இந்த ஊருக்கு, பிள்ளைகளின் ஞானஸ்நானம் அந்த ஊரில். தங்கள் ஏட்டில் திருமணம் செய்துகொண்டு பிறகு காணாமல் போகும் தம்பதிகளில் பலரை அப்படிப்பட்ட ஊர்களில் தேடலாம். 1834இல் ஏழைச் சட்டத்தை மாற்றியபோதும் ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளின் செலவைத் தானே ஏற்கும் முறை நீடித்தது. 1865இல்தான் அந்தச் செலவைப் பல பங்குகள் சேர்ந்த ஒன்றியத்தின் பொதுக் கணக்குக்கு மாற்றினார்கள். அதுவரை குடிசையை இடிப்பதில் பண்ணையாருக்கு ஆதாயம் இருந்தது.

அழகுக்காகவும் ஊர்கள் இடம் மாறின. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் நியூனம் கோர்ட்னி என்ற ஊரை 1760களில் ஹார்கோர்ட் பிரபு தம் புதிய மாளிகையின் காட்சிக்கு இடையூறு என்று கருதிச் சற்றுத் தொலைவில் சாலையோரமாகப் பெயர்த்து வைத்தார். டார்செட்டில் மில்ட்டன் ஆபஸ் என்ற சிறு பட்டணமே ஜோசப் டேமரின் பூங்காவுக்காக அழிந்து, ஒரே மாதிரியான வீடுகள் கொண்ட புதிய ஊராக வேறிடத்தில் எழுந்தது. பங்கின் பெயர் மாறாததால், பதிவேட்டை மட்டும் படிப்பவருக்கு இப்படி ஒரு பெயர்ச்சி நடந்தது தெரியாமலே போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தென்னிங்கிலாந்தின் உழவுப் பண்ணைகளில் மணமாகாத இளைஞர்களும் பெண்களும் ஓராண்டு ஒப்பந்தத்தில் எசமானரின் வீட்டிலேயே தங்கி உண்டு வேலை செய்தார்கள். ஒப்பந்தம் செப்டம்பர் 29ஆம் நாள் வரும் மைக்கேல் திருநாளை ஒட்டி முடியும். மணமானவரை இப்படி வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், ஆண்டுக் கூலியை மொத்தமாகக் கையில் வாங்கிக்கொண்டு அறுவடை முடிந்த அக்டோபர், நவம்பரில் திருமணம் செய்துகொண்டு கிளம்பினார்கள். தாங்கள் மாதவாரியாக எண்ணிப் பார்த்தால் அந்த மாதங்கள் மேலோங்கி நிற்கக்கூடும். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் எண்ணிக்கை விழுவது எதிர்பார்க்கத்தக்கதே.

ஆகவே தாங்கள் கையில் வைத்திருப்பது அந்த ஊர் மக்களின் திருமண வரலாறு அன்று. அந்தத் தேவாலயத்தின் கதவுக்குள் நடந்த சடங்குகளின் பட்டியல் மட்டுமே. ஊர் மக்களை அறியப் பண்ணையின் வாடகைக் கணக்கும், ஏழை வரி மேற்பார்வையாளரின் ஏடும், அக்கம்பக்கத்து நாலைந்து பங்குகளின் பதிவேடுகளும் சேர்த்து வாசிக்கப்பட வேண்டும்.

கடலூர்க்காரி எழுதியது:

நிலவரி ஐயாவின் விளக்கம் அருமையானது என்றாலும், எல்லாவற்றையும் பண்ணையாரின் தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திருமணம் மணமகளின் ஊரில் நடப்பது ஏழை பணக்காரர் எல்லாரிடமும் இருந்த வழக்கம். தாங்கள் தொடங்கிய ஸ்டீவன்டனையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஏட்டை எழுதியவர் குடும்பத்தையே சான்றாகக் காட்டுகிறேன்.

ஸ்டீவன்டன் பண்ணை கென்ட் பகுதியில் காட்மர்ஷமில் வாழ்ந்த தாமஸ் நைட்டுக்குச் சொந்தமானது. தூரத்து உறவினரான ஜார்ஜ் ஆஸ்டினை 1761இல் குருவானவராக நியமித்தவரும் அவரே. மாளிகை டிக்வீட் குடும்பத்துக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்ததால், ஊரில் நிலக்கிழார் குடியிருக்கவே இல்லை. ஜார்ஜ் ஆஸ்டின் 1764இல் கசாண்ட்ரா லீயை மணந்தார்; அந்தப் பதிவு பாத் நகரத்தில் வால்காட் தேவாலய ஏட்டில் இருக்கிறது. அவர்களுடைய எட்டுப் பிள்ளைகளில் மணம் செய்துகொண்டவர்கள் ஐந்து ஆண்மக்கள். மூத்தவர் ஜேம்ஸ் 1792இல் லேவர்ஸ்டோக்கிலும், முதல் மனைவி இறந்தபின் 1797இல் ஹர்ஸ்ட்போர்ன் டாரன்டிலும் மணந்தார். எட்வர்டின் திருமணம் 1791இல் கென்டில். ஹென்றியின் திருமணம் 1797 டிசம்பர் 31இல் லண்டனில். கடற்படையில் இருந்த ஃபிரான்சிஸ் 1806இல் ராம்ஸ்கேட்டிலும், சார்ல்ஸ் 1807இல் கடல் கடந்து பெர்முடாவிலும் மணம் முடித்தார்கள். ஜேனும் அக்காள் கசாண்ட்ராவும் மணம் செய்துகொள்ளவே இல்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவ்வூரின் குருவானவராக இருந்த ஒருவருடைய பிள்ளைகளில் ஒருவர்கூடத் தந்தையின் ஏட்டில் மணமக்களாக இல்லை. இவர்களை எந்தப் பண்ணையாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் அதே ஏட்டில் ஒரு சான்று உண்டு. 1792 டிசம்பர் 11இல் ஜேன் கூப்பர் என்ற பெண்ணுக்கும் கடற்படைத் தளபதி தாமஸ் வில்லியம்சுக்கும் ஸ்டீவன்டனில் திருமணம் நடந்தது. ஜேனும் கசாண்ட்ராவும் சாட்சிக் கையெழுத்திட்டார்கள். ஜேன் கூப்பர் அந்த ஊர்க்காரர் அல்லர். அவருடைய தந்தை அவ்வாண்டுதான் இறந்திருந்தார். தாயும் முன்பே இல்லை. அதனால் சித்தி முறையான திருமதி ஆஸ்டினின் வீட்டிலிருந்து கல்யாணம் நடந்தது. 1753ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெறுவோருக்கு நான்கு வாரம் அந்தப் பங்கில் தங்கியிருந்தாலே போதும். ஆகவே இந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்ற சொற்றொடரைப் பதிவேட்டில் பார்த்தவுடன் பிறந்த ஊர் என்று பட்டியலில் எழுதிவிடாதீர்கள். திருமணத்துக்கு முந்தைய மாதத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்லாது. பண்ணை மாளிகைகளில் வேலை பார்த்த பணிப்பெண்கள், தோட்டக்காரர்கள், வண்டியோட்டிகள், காட்டுக் காவலர்கள் முதலியோர் தொலைவிலிருந்து வந்தவர்கள் என்பதால் இந்த எச்சரிக்கை பண்ணைப் பங்குகளுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

கையெழுத்துகளைப் பற்றியும் ஒரு சொல். நம் பழைய பத்திரங்களில் எழுதத் தெரியாதவர் கீறிய அடையாளத்தைத் தற்குறி என்பார்கள் அல்லவா, அதே வேலையை அங்கே ஒரு பெருக்கல் குறி செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மணமகன்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேரும், மணமகள்களில் பத்துக்கு நான்கு பேரும் பெயரெழுதினார்கள் என்பது நாடு முழுவதற்குமான கணக்கு. பெருக்கல் குறி போட்டவர் வாசிக்கவும் தெரியாதவர் என்று கொள்ள வேண்டியதில்லை. அக்காலத்தில் முதலில் வாசிக்கக் கற்பித்துவிட்டுத்தான் பிறகு எழுதக் கற்பித்தார்கள். எனவே பட்டியலில் குறி, கையெழுத்து என்ற வேறுபாட்டைத் தவறாமல் காட்டுங்கள். சாட்சிகளின் பெயர்களையும் விடாதீர்கள். ஒரே பெயர் எல்லாத் திருமணத்திலும் சாட்சியாக வந்தால் அவர் தேவாலயக் கணக்கராக இருக்கலாம். ஒருமுறை மட்டும் வருபவர் பெரும்பாலும் உறவினர்.

என் புனைபெயருக்குக் காரணமான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் ஆஸ்டினின் அக்காள் ஃபிலடெல்ஃபியா வரதட்சணை கொடுக்க வழியில்லாத அனாதைப் பெண். கணவன் தேடி 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, 1753 பிப்ரவரியில் எங்கள் கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். மேலே சொன்ன ஹென்றி 1797இல் மணந்த எலைசா, இவர்களுடைய மகள். சென்னை மாகாணத்துத் திருமணப் பதிவுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஹாம்ப்ஷயர் ஏட்டில் காணாமல் போனவர்களில் சிலர் கெடிலக் கரையிலும் கிடைப்பார்கள்.

பேசிங்ஸ்டோக்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தேதிக் குழப்பம் தீர்ந்தது. ஏற்கெனவே எழுதிய பக்கங்களில் சனவரி முதல் மார்ச் வரையிலான பதிவுகளைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். மாதவாரியாகவும் எண்ணிப் பார்த்தேன். அக்டோபர்தான் முதலிடத்தில் நிற்கிறது.

காணாமல் போனவர்களைத் தேட எங்கிருந்து தொடங்குவது? சுற்றியுள்ள எல்லாப் பங்குகளின் திருமண ஏடுகளையும் வரிசையாகப் பார்ப்பதற்கு எனக்குக் காலம் இல்லை. மேலும் 1837க்குப் பிந்தைய ஏட்டில் தந்தையின் பெயரும் தொழிலும் இருப்பதைப் பார்த்தேன். அது பிற்காலத்தில் யாரோ சேர்த்ததா?

ஏடுபுரட்டி எழுதியது:

அது யாரும் பிற்காலத்தில் சேர்த்ததன்று. 1837 சூலை 1 முதல் அரசின் குடிமைப் பதிவு முறை தொடங்கியது. தேவாலயத் திருமண ஏடும் அதனோடு சேர்ந்து மாறியது. வயது, தொழில், குடியிருப்பு, இரு தந்தையரின் பெயரும் தொழிலும் அப்போது வந்த பத்திகள். தாயின் பெயர் கிடையாது. அந்தக் குறை தீர 2021 மே 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! வயது என்ற இடத்தில் பல குருவானவர்கள் எண்ணை எழுதாமல் நிறைந்த வயது என்று எழுதிவிட்டார்கள். அதற்கு 21ஐக் கடந்தவர் என்பதற்கு மேல் பொருள் இல்லை.

1837 முதல் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரே செய்தியை இரண்டு ஏடுகளில் எழுதினார்கள். ஏடு நிறைந்ததும் ஒரு படி மாவட்டப் பதிவாளருக்குப் போகும்; மற்றது தேவாலயத்தில் இருக்கும். ஓர் ஏட்டில் 500 பதிவுகளுக்கு இடம் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று திருமணம் நடக்கும் பண்ணைப் பங்கில் அது எப்போது நிறையும்? விக்டோரியா காலத்தில் தொடங்கிய அதே ஏட்டில் இருபத்தோராம் நூற்றாண்டுத் தம்பதிகளும் கையெழுத்திட்ட ஊர்கள் உண்டு. 2021இல் ஏட்டு முறையே ஒழிக்கப்பட்டபோது, பாதி வெறுமையாக இருந்த அந்த ஏடுகளுக்கும் கோடிட்டு முடிவு கட்டினார்கள். தங்கள் பங்கின் கடைசி ஏடு ஆவணக் காப்பகத்தில் தென்படாவிட்டால், அண்மைக்காலம் வரை தேவாலயப் பெட்டியிலேயே இருந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தேடலைத் தங்கள் பங்கின் ஓலைப் பதிவேட்டிலிருந்தே தொடங்குங்கள். மணமக்கள் இருவரும் வெவ்வேறு பங்கினராயின் இரண்டு இடங்களிலும் ஓலை வாசித்தாக வேண்டும். எனவே வேறிடத்தில் மணந்தவர்களும் தங்கள் ஊர் ஓலைப் பதிவில் இருப்பார்கள். எதிர்த்தரப்பின் ஊரும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். 1754 முதல் 1812 வரை ஓலையும் திருமணமும் பெரும்பாலும் ஒரே ஏட்டில் ஒரே படிவத்தில் வரும். கீழ்ப்பாதி நிரப்பப்படாமல் விட்ட படிவங்களைத் தாங்கள் வீணான பக்கம் என்று கருதித் தாண்டிப் போயிருந்தால், திரும்பிப் போய்ப் பாருங்கள். தேடும் ஆட்கள் அவற்றில்தான் இருக்கிறார்கள். உரிமம் பெற்று மணந்தவர்களுக்கு ஓலை இராது. அவர்களுக்கு மறைமாவட்ட ஆவணங்களில் உள்ள உறுதிமொழியையும், 1823 வரை பிணைப்பத்திரத்தையும் பார்க்க வேண்டும். ஏடு கிழிந்தோ பூஞ்சை பிடித்தோ போன ஆண்டுகளுக்கு, 1598 முதல் ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பச் சொல்லியிருந்த படிகள் கைகொடுக்கும். படி எழுதியவர் மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்திருப்பதும், ஒரு திருமணத்தையே விட்டுவிட்டிருப்பதும் உண்டு. இரண்டும் கிடைத்தால் ஒப்பிடுங்கள்.

நிலவரி எழுதியது:

கடலூர்க்காரி அம்மையாரின் மறுப்பில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மணமகளின் ஊரில் திருமணம் என்பது, தங்கள் ஏட்டில் மணந்து பிறகு மறைந்த பெண்களுக்கு நல்ல விளக்கம். ஆனால் குருவானவரின் பிள்ளைகளை வைத்துக் கூலியாட்களின் நிலையை அளக்க முடியாது. ஜேம்ஸ் ஆஸ்டினுக்குக் குடிசை தேட வேண்டிய நிலை வரவில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஓலைப் பதிவேட்டில் கிடைக்கும் ஊர்ப் பையன்களை எடுத்துக்கொண்டு, அவர்களின் முதல் குழந்தை எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றது என்று பாருங்கள். சொந்த ஊரிலேயே என்றால் அம்மையார் சொல்வது சரி. பக்கத்துத் திறந்த ஊரில் என்றால் குடிசை கிடைக்கவில்லை என்று நான் சொல்வேன்.

பேசிங்ஸ்டோக்வாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. கீழ்ப்பாதி நிரப்பப்படாத படிவங்களை நான் உண்மையிலேயே தாண்டிப் போயிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோராக வந்து திருமணம் கிடைக்காமல் என்னை அலைக்கழித்த தம்பதிகளில் பலர் அங்கே இருந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் மணமகளின் ஊரில் மணந்துகொண்டு இங்கே திரும்பி வந்தவர்கள். இவர்கள் அம்மையாரின் கணக்கில் சேர்கிறார்கள்.

ஆனால் ஓலை வாசித்த பின் இந்த ஊரில் எந்தச் சுவடும் இல்லாத இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் இதுவரை பின்தொடர முடிந்தது. மூன்று மைல் தள்ளியுள்ள ஊரின் ஞானஸ்நான ஏட்டில் அவருக்கு ஆறு குழந்தைகள். அவ்வூர் ஏட்டில் 1813 முதல் தந்தையின் தொழிலையும் எழுதுகிறார்கள். கூலியாள் என்று ஆறு முறையும் இருக்கிறது. எந்தப் பண்ணையில் கூலி என்று அதில் இல்லை. எங்கள் பண்ணையின் கூலிக் கணக்கு ஏடுகளில் சில காப்பகத்தில் இருப்பதாகப் பட்டியலில் பார்த்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு முன்பதிவு செய்திருக்கிறேன்.